விண்வெளியில் நட்சத்திர வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் நாலு பேருக்கு வானம் காட்ட உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுவிடுகிறார்: "நிலவுக்குப் போனவர்கள் வழி தவறாமல் எப்படிப் போனார்கள்?" நட்சத்திரங்களைப் பார்த்தும்தான் என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி வரும், அதிலிருந்து இன்னொன்று முளைக்கும். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விண்கலத்தில் நட்சத்திர வரைபடம் எதற்கு?

கலம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். பலர் இதைச் சாலை வரைபடம் போல நினைத்துக்கொள்கிறார்கள். இந்த நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் திரும்பு, அந்த நட்சத்திரம் வந்தால் பாதி தூரம் வந்தாயிற்று என்று. அப்படி எதுவும் கிடையாது.

என்ஜின் அணைந்த பிறகு கலம் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் போகும், பின்பக்கமாகப் போகும், மெதுவாக உருண்டுகொண்டே கூடப் போகும். அதனால் பாதை மாறாது. ஆனால் என்ஜினை மறுபடி எரிக்கும்போது, கலம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அந்தத் திசையில்தான் தள்ளும். அந்த நேரத்தில் திசை பிசகினால் போகும் பாதையே பிசகிவிடும். நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைய அனுமதிக்கப்பட்ட கோணத்தின் அகலம் சுமார் 2 டிகிரிதான். அதைவிடச் செங்குத்தாக நுழைந்தால் வெப்பமும் அழுத்தமும் தாங்காது. அதைவிடச் சாய்வாக நுழைந்தால் காற்றில் போதிய வேகம் குறையாமல் கலம் மறுபடி வெளியே போய்விடும்.

சரி, மேல் கீழ் இல்லாத இடத்தில் திசையை எதை வைத்துச் சொல்வது? அசையாமல் நிற்கும் ஏதாவது வேண்டும். கண்ணுக்கு எட்டியதில் அப்படி நிற்பவை நட்சத்திரங்கள்தான்.

நிலவு வரை போனால் நட்சத்திரங்களின் இடம் மாறித் தெரியாதா?

தெரியாது. ரயிலில் போகும்போது பக்கத்துக் கம்பங்கள் ஓடுகின்றன, தூரத்து மலை அப்படியே நிற்கிறது அல்லவா, அதே கதைதான். நிலவு சுமார் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான புராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில், அதாவது ஏறக்குறைய 40 லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நிலவுக்குப் போனதால் அது நகர்ந்து தெரியும் அளவைக் கணக்கிட்டால் ஒரு விகலையில் 500-ல் ஒரு பங்குதான் வரும். விகலை என்பதே ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு.

ஆகவே மொட்டை மாடியில் நின்று பார்க்கும் வானமும் நிலவில் நின்று பார்க்கும் வானமும் ஒன்றே. ஓரியனின் இடைவாரில் அதே மூன்று நட்சத்திரங்கள் அதே இடைவெளியில் இருக்கும். வரைபடத்தைத் தரையிலேயே தயாரித்து மேலே கொண்டுபோக முடிந்தது இதனால்தான். நட்சத்திரங்கள் திசையைச் சொல்கின்றன, இடத்தைச் சொல்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் எங்கே இருக்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பக்கத்தில் இருக்கும் பொருளை நட்சத்திரத்தோடு சேர்த்துப் பார்த்து. கலம் நகர நகர, நட்சத்திரங்களுக்கு முன்னால் பூமியும் நிலவும் இடம் மாறித் தெரியும். ஒரு குறிப்பிட்ட நட்சத்திரத்துக்கும் பூமியின் விளிம்புக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்தால், கலம் இருக்கக்கூடிய இடங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். வேறு நட்சத்திரம், வேறு விளிம்பு என்று பலமுறை அளந்தால் இடம் தெளிந்துகொண்டே வரும். கடலில் மாலுமிகள் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் உள்ள கோணத்தை செக்ஸ்டன்ட் வைத்து அளந்த அதே முறைதான். அப்பல்லோ கலத்தில் இருந்த கருவிக்கும் செக்ஸ்டன்ட் என்றுதான் பெயர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பல்லோ கலங்களின் இடத்தை முதன்மையாகக் கணக்கிட்டது பூமியில் இருந்த ரேடியோ நிலையங்கள். கலத்திலிருந்தே கோணம் அளப்பது, ரேடியோ தொடர்பு அறுந்துபோனாலும் கலத்தில் இருக்கும் மூன்று வீரர்களும் தாங்களாகவே வீடு திரும்ப வேண்டும் என்பதற்கான மாற்று வழி. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8-ல் ஜிம் லவெல் வழி நெடுக இந்த அளவுகளை எடுத்து, இந்த முறையை நம்பலாம் என்று காட்டினார். ஆனால் கலத்தின் திசையைச் சரிபார்க்க நட்சத்திரங்கள் மாற்று வழி அல்ல. அந்த வேலையில் அவைதான் முதன்மை, ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டவை.

ஜைரோஸ்கோப் இருக்கும்போது நட்சத்திரம் எதற்கு?

ஜைரோஸ்கோப் மெல்ல மெல்ல விலகும் என்பதால். வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை விடாது. அப்படிப்பட்ட மூன்று ஜைரோஸ்கோப்களை ஒரு மேடையில் பொருத்தி, கலம் எப்படித் திரும்பினாலும் மேடை மட்டும் நட்சத்திரங்களைப் பொறுத்து ஆடாமல் நிற்கும்படி செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அந்த மேடையைப் பார்த்துத்தான் கலத்தின் திசையைத் தெரிந்துகொண்டது. ஆனால் எந்தத் தாங்கியிலும் கொஞ்சம் உராய்வு இருக்கும், எந்தச் சக்கரத்திலும் கொஞ்சம் எடைக் கோணல் இருக்கும். மணிக்கணக்கில் அது சேர்ந்துவிடும். கைக்கடிகாரம் பிந்தினால் சரியான நேரத்தைப் பார்த்துத் திருத்துகிறோம் அல்லவா, அதுபோல மேடையை நட்சத்திரத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

அந்தத் திருத்தத்தை எப்படிச் செய்தார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அப்பல்லோவில் இருக்கைகளின் கால்மாட்டில் ஒரு கருவிப் பகுதி இருந்தது. வீரர் இருக்கையிலிருந்து மிதந்து அங்கே இறங்குவார். சுவரில் இரண்டு கண்வில்லைகள் இருக்கும். ஒன்று பெரிதாக்கிக் காட்டாத டெலஸ்கோப், அதில் 60 டிகிரி அகலத்துக்கு வானம் தெரியும். மற்றொன்று 28 மடங்கு பெரிதாக்கும் செக்ஸ்டன்ட், அதில் 1.8 டிகிரி அகலம் மட்டுமே தெரியும். முழு நிலவு மூன்றரை பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரின் விசைப்பலகையில் 'வெர்ப்' என்ற பொத்தான், பிறகு 37, 'என்டர்', பிறகு 52, 'என்டர்'. 52 என்பது மேடையைத் திருத்தும் நிரலின் எண். அடுத்து எந்த நட்சத்திரம் என்று சொல்ல வேண்டும். சிரியஸ் என்றால் 00015. பழைய கணக்கை வைத்து, சிரியஸ் இருக்க வேண்டிய இடத்துக்குக் கம்ப்யூட்டரே செக்ஸ்டன்டைத் திருப்பிவிடும். மேடை கொஞ்சம் விலகியிருப்பதால் நட்சத்திரம் குறுக்குக் கோடுகளின் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி நிற்கும். சிறிய கைப்பிடியை அசைத்து அசைத்து அதை நடுவுக்குக் கொண்டுவந்து, 'மார்க்' பொத்தானை அழுத்த வேண்டும். அப்புறம் வேறு நட்சத்திரத்துக்கும் அதே வேலை.

இரண்டு நட்சத்திரம் எதற்கென்றால், ஒன்றை மட்டும் குறிபார்த்தால் அந்தக் கோட்டைச் சுற்றிக் கலம் எப்படி வேண்டுமானாலும் உருண்டு நிற்கலாம். ஒரே ஒரு ஆணியில் மாட்டிய படம் சுழலும், இரண்டாவது ஆணி அடித்தால் நின்றுவிடும்.

இதற்குப் பிறகுதான் அழகான ஒரு கட்டம். அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே உள்ள உண்மையான கோணம் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இருக்கிறது. வீரர் அளந்த கோணத்தை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திரையில் காட்டும். 00001 என்றால் டிகிரியில் நூறில் ஒரு பங்கு பிசகு. 00000 வந்தால் பிசகே இல்லை. ஐந்து சுழியும் வரிசையாக வந்தால் அதை 'ஐந்து பந்துகள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வார்கள். தவறான நட்சத்திரத்தைப் பார்த்திருந்தால் அந்த எண் எகிறிவிடும். ஆகவே வீரர் சரியான நட்சத்திரத்தைத்தான் பிடித்தாரா என்பதற்கும் வானமே சாட்சி. அவர் திருப்தியாக இருந்தால் ஒப்புதல் கொடுப்பார், மேடை திரும்பிச் சரியாகும்.

எத்தனை நட்சத்திரங்கள் பட்டியலில் இருந்தன?

37. அவற்றோடு சூரியன், பூமி, நிலவு ஆகியவற்றுக்கும் தனி எண்கள் உண்டு. எண்கள் நாம் எண்ணும் முறையில் இல்லை. 0 முதல் 7 வரை உள்ள இலக்கங்களை மட்டும் பயன்படுத்தும் முறையில் இருந்தன, 7-க்கு அடுத்து 10 வரும். அதனால் கடைசி நட்சத்திரமான ஃபோமல்ஹாட்டின் எண் 45. எட்டும் ஒன்பதும் அந்தப் பட்டியலில் எங்குமே வராது.

பட்டியலைப் படிக்கும்போது நமக்கு ஒரு நெருக்கம் வரும். 11 என்ற எண்ணில் இருக்கும் அல்டெபரான் நம் ரோகிணி. 22 ரெகுலஸ், நம் மகம். 23 டெனபோலா, உத்திரம். 26 ஸ்பைகா, சித்திரை. 31 ஆர்க்டூரஸ், சுவாதி. 33 அன்டாரஸ், கேட்டை. 40 அல்டேர், திருவோணம். 14 என்ற எண்ணில் இருக்கும் கனோபஸ்தான் அகத்திய நட்சத்திரம். நிலவுக்குப் போன ஒவ்வொரு கலமும் இந்தப் பெயர்கள் கொண்ட நட்சத்திரங்களைத் தன் நினைவகத்தில் சுமந்து போனது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

வானத்தின் எல்லாப் பக்கமும் ஓரளவு பரவியிருக்கும்படி தேர்ந்தெடுத்திருந்தார்கள். பூமியோ நிலவோ கலத்தின் உடலோ பாதி வானத்தை மறைத்தாலும் மீதியில் குறைந்தது இரண்டு நட்சத்திரங்கள் கிடைக்க வேண்டும். அதனால் பிரகாசமான 37 நட்சத்திரங்களை அப்படியே வரிசையாக எடுத்தது அல்ல இது. வெறிச்சென்று இருக்கும் பகுதிகளுக்காக மங்கலான சிலவும் இடம்பெற்றன.

நவி, நோசெஸ், ரெகோர் என்ற பெயர்களை வேறு எங்கும் பார்த்ததில்லையே?

அவை மூன்று மனிதர்களின் பெயர்கள், தலைகீழாக எழுதப்பட்டவை. அப்பல்லோ 1-ன் தளபதி கஸ் கிரிஸமின் நடுப்பெயர் ஐவன். அதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் நவி. எட்வர்ட் வைட் தன் பெயரோடு 'இரண்டாவது' என்று போட்டுக்கொள்பவர். அந்த ஆங்கிலச் சொல்லைத் திருப்பினால் நோசெஸ். ரோஜர் சாஃபியின் ரோஜரைத் திருப்பினால் ரெகோர். பயிற்சி நடந்த நாட்களில் கிரிஸம் விளையாட்டாக இந்தப் பெயர்களை நட்சத்திரப் பட்டியலில் நுழைத்தார்.

1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது கலத்துக்குள் தீப்பிடித்து மூவரும் இறந்தார்கள். அதன் பிறகு அந்தப் பெயர்களை யாரும் நீக்கவில்லை. நிலவுக்குப் போன குழுக்களின் வரைபடங்களில் 03, 20, 17 என்ற எண்களோடு அந்தப் பெயர்கள் இருந்தன.

நவியைப் பார்ப்பது எளிது. காசியோப்பியா கூட்டம் வானத்தில் டபிள்யூ எழுத்து போலத் தெரியும், அதன் நடு நட்சத்திரம்தான் அது. நோசெஸ் சப்தரிஷி மண்டலம் இருக்கும் பெருங்கரடிக் கூட்டத்தில், கரடியின் பாதத்தில் இருக்கிறது. ரெகோர் தென்வானத்தில் வேலா கூட்டத்தில் இருக்கிறது. வானம் காட்டும்போது டபிள்யூவின் நடுவை விரலால் காட்டி இந்தக் கதையைச் சொல்வேன். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

விண்வெளியில் நட்சத்திரம் பளிச்சென்று தெரியுமே, அதில் என்ன சிரமம்?

சிரமம் நிறைய. காற்று இல்லாததால் நட்சத்திரங்கள் மின்னாது, உண்மைதான். ஆனால் சூரிய ஒளி படும் கலத்தின் உடல், பூமி, நிலவு மூன்றும் கண்ணைக் கூசவைக்கும். கண் இருளுக்குப் பழகினால்தான் நட்சத்திரம் தெரியும். அது பழக நேரம் வேண்டும், ஒரு ஜன்னல் வழியே சூரிய வெளிச்சம் உள்ளே வந்தால் பழகியது போய்விடும். கருவிக்குள் சிதறும் வெளிச்சமும் சேர்ந்து, அகலமான டெலஸ்கோப்பில் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண்பது பல நேரம் முடியாமல் போனது.

நிழல் பக்கம் போனால் நேர்மாறான சிக்கல். அங்கே ஏகப்பட்ட நட்சத்திரங்கள் தெரிவதால், பழகிய உருவங்கள் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

இன்னொன்று, கலத்திலிருந்து கழிவுநீரை வெளியேற்றினால் அது உடனே பனித்துகள்களாக உறைந்து, சூரிய ஒளியில் ஆயிரம் பொய் நட்சத்திரங்களாக மின்னும். கலத்தோடு கூடவே வரும். நட்சத்திரம் பார்க்கும் நேரத்தையும் நீர் வெளியேற்றும் நேரத்தையும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

துருவ நட்சத்திரம் அங்கே வடக்கைக் காட்டுமா?

பட்டியலில் அதுவும் இருந்தது, எண் 05. ஆனால் அங்கே அது மற்றவற்றைப் போல ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். பூமியின் அச்சு அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால்தான் நமக்கு அது நகராமல் நிற்கிறது. நிலவின் அச்சும் செவ்வாயின் அச்சும் வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. செவ்வாயின் வடதுருவத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே இருப்பது டெனெப் நட்சத்திரம் இருக்கும் பக்கத்து வானம்.

ஆபத்தான நேரத்தில் நட்சத்திரங்கள் உண்மையிலேயே கைகொடுத்திருக்கின்றனவா?

பலமுறை. 1963 மே மாதம் கார்டன் கூப்பர் தனியாகப் பூமியைச் சுற்றிப் பறந்த மெர்குரி கலத்தில், கடைசிச் சுற்றுகளில் தானியங்கிக் கட்டுப்பாடு செயலிழந்தது. ஜன்னலில் இருந்த கோடுகளை அடிவானத்தோடு பொருத்தி, தான் அறிந்த நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையைச் சரிசெய்து, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து என்ஜினை எரித்து, காத்திருந்த கப்பலுக்கு அருகிலேயே வந்து இறங்கினார்.

அப்பல்லோ 8 திரும்பி வரும் வழியில் நடந்தது வேறு மாதிரி. நட்சத்திரம் 01 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் லவெல் தவறுதலாக நிரல் 01-ஐக் கொடுத்துவிட்டார். அது ஏவுதளத்தில் நிற்கும்போது பயன்படும் நிரல். கலம் இன்னும் பூமியில்தான் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது, மேடையின் திசைக் கணக்கு போய்விட்டது. ரைகலையும் சிரியஸையும் கண்டுபிடித்து, அவற்றை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்தார். எண் தட்டுவதில் ஒரு சறுக்கல்தான், களைத்திருக்கும் யாருக்கும் நேரக்கூடியது. வானம் தெரிந்தவர் அங்கே இருந்ததால் அது அரைமணி நேர வேலையோடு முடிந்தது.

1969 நவம்பர் 14 அன்று அப்பல்லோ 12 கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. மேடை நிலைகுலைந்து சுழன்றது. பூமியைச் சுற்றத் தொடங்கியதும் நிழல் பக்கத்தில் டிக் கார்டன் நட்சத்திரங்களைத் தேடினார். முதலில் கண் இருளுக்குப் பழகாமல் திணறினார், பிறகு பிடித்தார். அந்தத் திருத்தம் நடந்த பிறகுதான் அவர்கள் நிலவை நோக்கிக் கிளம்பினார்கள்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-ல் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தபோது, முதன்மைக் கலத்தின் மின்சாரத்தை அணைப்பதற்கு முன் அதன் திசைக் கணக்கை அவசர அவசரமாக நிலவிறங்கு கலத்துக்கு மாற்றினார்கள். அது சரியாக மாறியதா என்று நட்சத்திரத்தைப் பார்த்து உறுதி செய்ய வழியில்லை. வெடித்துச் சிதறிய துகள்கள் கலத்தைச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தன, எது நட்சத்திரம் எது குப்பை என்று தெரியவில்லை. கடைசியில் எந்தத் துகளோடும் குழப்ப முடியாத ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், சூரியனை. கம்ப்யூட்டர் சொன்ன திசையில் கலத்தைத் திருப்பி, டெலஸ்கோப்பின் குறியில் சூரியன் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது. பின்னால் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்ட பிறகு செய்த இன்னொரு திருத்தத்துக்கு, பூமியில் பகலும் இரவும் பிரியும் கோட்டையே குறியாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவின் தளபதி அதே ஜிம் லவெல்.

வீரர்கள் வானத்தை எங்கே படித்தார்கள்?

அமெரிக்காவின் வட கரோலினாவில், சாப்பல் ஹில் என்ற ஊரில் உள்ள மோர்ஹெட் கோளரங்கத்தில். 1975 வரை மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ முதலிய விண்வெளித் திட்டங்களின் அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே வந்து பயின்றார்கள். கலத்தின் ஜன்னல் அளவுக்கு மட்டும் வானத்தைக் காட்டி, எந்தப் பகுதி என்று கேட்பார்கள். முழு வானம் தெரிந்தால் ஓரியனை யாரும் கண்டுபிடிக்கலாம். ஒரு மூலை மட்டும் தெரியும்போது சொல்வதுதான் பயிற்சி.

ஆளில்லாத கலங்கள் என்ன செய்கின்றன?

சூரியன் ஒரு குறி, அகத்திய நட்சத்திரமான கனோபஸ் இன்னொரு குறி. கனோபஸ் இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் கொண்டது. கோள்கள் சுற்றும் தளத்துக்கு ஏறக்குறைய செங்குத்தான திசையில் இருக்கிறது. சூரியனை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டால் இது எப்போதும் பக்கவாட்டில் கிடைக்கும். 1964-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய மாரினர் 4 இதைத்தான் நம்பியது. கலத்திலிருந்து உதிர்ந்த தூசி சூரிய ஒளியில் மின்னி, அதன் உணர்கருவியை ஏமாற்றிக் கனோபஸை விடச் செய்ததும் உண்டு. வாயேஜர் கலங்களிலும் கனோபஸைப் பார்க்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது.

இப்போதும் வரைபடம் வேண்டுமா?

வேண்டும், ஆனால் அது காகிதத்திலிருந்து சிப்புக்குள் போய்விட்டது. ஸ்டார் டிராக்கர் என்பது ஒரு கேமரா. அது வானத்தைப் படம் எடுக்கும், படத்தில் உள்ள புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து அவற்றின் கோணங்களை அளக்கும், நினைவகத்தில் உள்ள பட்டியலில் அதே முக்கோணம் எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைத்தவுடன் கலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சில விகலை அளவுக்குத் துல்லியமாகச் சொல்லிவிடும். எந்த முன்தகவலும் இல்லாமல் விழித்தாலும் கண்டுபிடிக்கும். ஐந்து பந்துகளுக்காக வீரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலையை இது ஒரு நொடியில் பலமுறை செய்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு அருகிலேயே சுற்றுவதால் அதற்கு ஜிபிஎஸ் கிடைக்கிறது. தொலைவுக்குப் போகப் போக அந்த சிக்னல் மெலிந்துவிடும். நிலவுக்குப் போவதற்காகச் செய்த ஓரியன் கலத்தில் ஸ்டார் டிராக்கர்கள் இருக்கின்றன, கூடவே பூமியையும் நிலவையும் படமெடுத்து இடத்தைக் கணக்கிடும் கேமராவும் இருக்கிறது. லவெல் கண்ணால் செய்தது அதுதான்.

கையில் பிடிக்கும் செக்ஸ்டன்டும் முழுக்க ஓய்வு பெறவில்லை. 2018-ல் விண்வெளி நிலையத்தில் அலெக்ஸாண்டர் கெர்ஸ்ட் அதை வைத்துச் சோதனை செய்தார். தொடர்பும் கம்ப்யூட்டரும் போனால் ஒரு மனிதர் கையால் அளக்க முடியுமா என்று பார்ப்பதற்காக. இந்தச் சோதனை வீண் வேலை என்று சிலர் சொல்வார்கள். அப்பல்லோ 13-ஐப் படித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வரைபடம் பழசாகுமா?

ஆகும், மெதுவாக. பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். அந்த அச்சை அடிப்படையாகக் கொண்டுதான் நட்சத்திரங்களுக்கு முகவரி எழுதுகிறோம். அதனால் முகவரி ஆண்டுக்கு 50 விகலை அளவு நகர்கிறது, ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி. எந்த ஆண்டுக்கான வரைபடம் என்று குறிப்பிடாமல் எந்த வரைபடமும் பயன்படாது.

நட்சத்திரங்களுக்கும் சொந்த நகர்வு உண்டு. பர்னார்டு நட்சத்திரம் ஆண்டுக்கு 10 விகலை நகர்கிறது. பட்டியலில் உள்ள பிரகாசமான நட்சத்திரங்களில் பெரும்பாலானவை இதைவிட மிக மிக மெதுவானவை. ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அளந்த 1,18,218 நட்சத்திரங்களின் பட்டியல் 1997-ல் வந்தது. 2013-ல் ஏவப்பட்ட கையா அதை நூறு கோடிக்கும் மேலே கொண்டுபோய்விட்டது. ஒரு கலத்துக்கு அத்தனையும் வேண்டாம், சில ஆயிரம் போதும்.

நட்சத்திரங்களை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதா?

போதுமான தூரம் போனால் முடியும். நியூ ஹரைசன்ஸ் கலம் 2006-ல் கிளம்பி, புளூட்டோவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. 2020 ஏப்ரலில், பூமியிலிருந்து ஏறக்குறைய 700 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து அது புராக்ஸிமா சென்டாரியையும் வுல்ஃப் 359 என்ற நட்சத்திரத்தையும் படமெடுத்தது. பூமியில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் இடம் மாறியிருந்தன. புராக்ஸிமா சுமார் 30 விகலை தள்ளி நின்றது. ரயிலிலிருந்து பார்த்தால் நகராமல் நின்ற அந்த மலை அங்கே முதல் முறையாக நகர்ந்து தெரிந்தது. அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு வழி பல்சர்கள். சுழன்றபடி சீராகத் துடிக்கும் நியூட்ரான் நட்சத்திரங்களின் எக்ஸ்ரே துடிப்பு எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்த்து இடத்தைக் கணக்கிடுவது. 2017-ல் விண்வெளி நிலையத்தில் பொருத்திய கருவி ஒன்று இது நடக்கும் என்று செய்து காட்டியது.

இதைத் தரையிலிருந்தே பழகிப் பார்க்கலாமா?

தாராளமாக. கருவி எதுவும் வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் ஓரியனைப் பிடியுங்கள். இடைவாரின் மூன்று நட்சத்திரங்களை ஒரு கோடாக நீட்டினால் ஒரு பக்கம் சிரியஸ் வரும். ஓரியனின் தோளில் செம்மையாக இருப்பது திருவாதிரை. இந்த இரண்டோடு சேர்ந்து ஏறக்குறைய சம பக்க முக்கோணம் ஆகும்படி நிற்பது புரோசியான். இதில் சிரியஸும் புரோசியானும் அப்பல்லோ பட்டியலில் இருந்தவை, எண்கள் 15, 16.

இப்போது கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சுண்டு விரலின் அகலம் சுமார் 1 டிகிரி. சிரியஸில் தொடங்கி முஷ்டி முஷ்டியாக நகர்த்தி, மிச்சத்தைச் சுண்டு விரலால் அளந்து புரோசியான் வரை போங்கள். எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் இந்த எண்ணைப் பாருங்கள்: 25.7 டிகிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் திரையில் வரும் எண். முதல் முறை எனக்கு 29 வந்தது. முழங்கை மடங்கியிருந்ததுதான் காரணம். நேராக நீட்டி அளந்தபோது 26 வந்தது.